பத்தியத்துக்காக விட்ட மாத்திரை

கண்ணு,

ஒரு வாரமாக உனக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன். எடுக்கிறாய், "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வந்தபாடில்லை. நேற்று நான் மாத்திரை என்று வாயெடுத்ததுமே லைன் கட்டாகிவிட்டது. டவர் இல்லை என்று மெசேஜ் அனுப்பினாய். ஓசூரில் டவர் இல்லையென்றால் நாட்டில் வேறு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் உன்னை எனக்குத் தெரியும், படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். ஒரே மூச்சில் எழுத என்னால் ஆகாது. கொஞ்சம் எழுதுகிறேன், போய்ப் படுத்துக்கொள்கிறேன், எழுந்து வந்து விட்ட இடத்தில் தொடர்கிறேன். ஷூ கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்து மேல்தோல் தைத்த காலத்தில் களைப்பு என்றால் என்னவென்று தெரியும் என நினைத்திருந்தேன். அது வேறு. தூங்கி எழுந்தால் அது போய்விடும். இது தூங்கி எழும்போதே கூட எழுந்துகொள்கிற களைப்பு.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் நீ சமையலறைக்கு வந்து நின்றாய். சத்துவாச்சாரியிலிருந்து பெண் வீட்டார் வேன் கிளம்பிவிட்டதாகச் சொன்னாய். பிறகு, ஃப்ரிட்ஜ் மேல் இருந்த என் மாத்திரை டப்பாவைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, இன்னிக்கு மட்டும் இத்த உள்ள வெச்சிடும்மா" என்றாய். நான் எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். பெண்ணின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படி இளைத்துப்போயிருக்கிறீர்கள் என்று கேட்டபோது சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். சர்க்கரை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அந்த அம்மாவும் தனக்கு இருக்கிற சர்க்கரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சங்கீதா பட்டுப்புடவையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருதரம் உன்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்தது. பிடித்ததால்தான் அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டேன்.

நீ ஓசூருக்குத் திரும்பிப் போன பிறகு உன் அலமாரியைத் துடைத்தேன். சட்டைகளுக்கு அடியில் உன் மாத்திரை பாட்டில் இருந்தது. மூடியைத் திருகிப் பார்த்தேன், வாய் சீல் பிரிக்கவே இல்லை. போன தடவை வேலூர் ஆஸ்பத்திரியில் உனக்கு வாங்கிக் கொடுத்த அதே பாட்டில். அப்போதே உனக்குப் போன் போட்டேன், எடுத்த எடுப்பில் நீ என்ன சொன்னாய் என்பதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். "ரிப்போர்ட்ல கிருமியே காணோம்னு வந்திருக்கும்மா. கல்யாணம் ஆவட்டும், அப்புறம் மறுபடி ஆரம்பிக்கிறேன். பாட்டில் மேல இருக்கிற பேர போன்ல அடிச்சா இன்னா நோய்னு ஒரு நிமிஷத்துல வந்துடும்." இதில் கடைசி வாக்கியம்தான் உண்மையான காரணம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் வாக்கியம் நீ உனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளம் எழுதுகிறேன்.

கம்பெனியில் ரத்ததான முகாம் வைத்தது உனக்கு நினைவிருக்கலாம், நீ அப்போது ஏழாவது. கொடுத்தால் பிஸ்கட்டும் ஜூஸும் உண்டு, அன்றைக்கு அரைநாள் தையல் லைனில் உட்கார வேண்டாம். எங்கள் லைனே போய்ப் படுத்தது. பத்து நாள் போல கழித்து என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாது, மஞ்சள் காமாலை பி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். எனக்குக் கண் மஞ்சளாக இல்லை, பசி நன்றாக இருந்தது, நோய் எங்கே இருக்கிறது என்று நம்பவே முடியவில்லை. வேலூரில் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். உன் அப்பாவுக்கு இல்லை. உனக்கு இருந்தது. பிறக்கும்போது அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் உன்னைச் சுமந்தபோது என் ரத்தத்தில் அதை யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நீ பிறந்தவுடன் ஊசி போட்டுத் தடுத்திருப்பார்கள். இது யார் மேலும் பழி சொல்வதற்கில்லை. ஆனால் பள்ளிக்கூட யூனிஃபார்மில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி குத்திய பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த உன்னைப் பார்த்தபோது எனக்கு இருந்த வலி இன்னும் அப்படியே இருக்கிறது.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நான் உன் அப்பாவிடம் இது புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் வருமாம் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் நான் பாதியில் வைத்த டீயை எடுத்துக் குடித்தார். மறுவாரமே போய்த் தடுப்பூசியை ஆரம்பித்து முறையாக முடித்தார். நாளெல்லாம் தொழிற்சாலையில் தோலுக்குச் சாயம் போட்டுவிட்டு வந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிற மனுஷன் என்று நீ அவரைக் கிண்டல் செய்வாயே, அவர்தான். எல்லாம் தெரிந்து என்னோடு இருந்தார். அதை இன்றைக்கு உனக்கு ஏன் சொல்கிறேன் என்று போகப்போகப் புரியும்.

உனக்குக் கிருமி தூங்குகிறது, பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள், உனக்கு மாத்திரை ஆரம்பித்தது நீ வேலைக்குப் போன பிறகுதான். எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று, நிறுத்தக்கூடாது. அந்தக் காலத்தில் இருந்தது பழைய மாத்திரை, இப்போது அதை யாரும் தனியாகக் கொடுப்பதில்லையாம். ஒழுங்காகத்தான் போட்டேன். ஆனால் லைனில் யாரிடமோ சொல்லப்போய் பேச்சு பரவியது. எனக்கு அடுத்த மிஷினில் இருந்த வசந்தா ஒருநாள் என்னைத் திட்டவே திட்டினாள். "காமாலைக்கு இங்கிலீஷ்ல ஏதுடி மருந்து? உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றாள். அவளை மட்டும் சொல்லி என்ன. நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், படித்தவர்களும் சொல்வார்கள். கண் மஞ்சளானால் பச்சை மருந்துதான், எலும்பு முறிந்தால் கட்டுதான் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

குடியாத்தம் தாண்டி ஆந்திரா எல்லைப் பக்கம் ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்து கொடுத்தார்கள். உன் அப்பாவின் வண்டியில் இருட்டோடு கிளம்பிப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணக் கூட்டம் அளவுக்கு ஆட்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், பர்தா போட்ட பெண்கள், லாரி டிரைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். இலையை அரைத்து மோரில் கலக்கி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார் அந்தப் பெரியவர். உப்பு, புளி, எண்ணெய் கூடாது, இங்கிலீஷ் மருந்து தொடவே கூடாது, தொட்டால் பத்தியம் முறிந்துவிடும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. சாதாரணமாக வருகிற காமாலை தானாகவே இறங்கிவிடும், இலையில் இறங்கியது என்று அவரும் நம்பினார், வந்தவர்களும் நம்பினார்கள். என் காமாலை அந்த வகை இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. பத்தியத்துக்காக மாத்திரையை எடுத்து மேலே வைத்தேன்.

பத்தியம் முடிந்ததும் உடம்பு லேசாக இருந்தது. உப்பில்லாமல் சாப்பிட்டு எடை குறைந்தால் லேசாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்துக் கண்ணும் மூத்திரமும் மஞ்சளாகின. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், மறுபடி மாத்திரை. மஞ்சள் இறங்கியது. இலையா மாத்திரையா எது வேலை செய்தது என்று வீட்டில் விவாதம். அடுத்த ஆடியில் மறுபடி பத்தியம், மறுபடி மாத்திரைக்கு லீவு. இப்படியே ஏற்றமும் இறக்கமுமாக எத்தனை தடவை என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்பார்கள். போடுகிறேன் என்று தலையாட்டுவேன். பத்தியம் என்று சொன்னால் திட்டுவார்கள் என்று பயம். அந்த டாக்டரும் பாவம், எனக்கு ஏன் ஏறி ஏறி இறங்குகிறது என்று குழம்பியிருப்பார்.

கடைசியாக ஒருமுறை ரொம்பவே முடியாமல் போய், இனி இந்த விளையாட்டு வேண்டாம் என்று நானே முடிவு செய்து, ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டேன். அப்போதுதான் அது வேலை செய்யவில்லை. ரத்தத்தில் கிருமி ஏறிக்கொண்டே போனது. புதிதாக வந்திருந்த சின்ன வயது லேடி டாக்டர், கதவைச் சாத்திவிட்டு நிதானமாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மாத்திரைக்குக் கிருமி பழகிடுச்சிம்மா. இனிமே இத்த எவ்ளோ போட்டாலும் அது சாவாது" என்றார். தினமும் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்று கேட்டேன். அந்தப் பழைய மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களிலும் வருஷம் போகப்போகச் சிலருக்கு இப்படி ஆவது உண்டு, ஆனால் நீங்கள் விட்டு விட்டுப் போட்டு அதைச் சீக்கிரம் வரவழைத்துக்கொண்டீர்கள் என்றார். மழுப்பாமல் சொன்னதில் எனக்கு அந்தப் பெண் மேல் மரியாதை வந்தது.

எனக்குப் புரிகிற மாதிரி நானே இதை இப்படி வைத்துக்கொண்டேன். லைனில் சூப்பர்வைசர் தினமும் நின்றால் யாரும் வாலாட்டமாட்டார்கள். ஒருநாள் வந்து, நாலு நாள் வராமல், மறுபடி வந்து நின்றால், அவர் கண்ணில் மண்ணைத் தூவுவது எப்படி என்று யாராவது ஒருத்தி கண்டுபிடித்துவிடுவாள். ஒருத்தி கண்டுபிடித்தால் போதும், சாயங்காலத்துக்குள் லைனே கற்றுக்கொள்ளும். அப்புறம் அவர் நாளெல்லாம் நின்றாலும் அவரை யாரும் சட்டை செய்யமாட்டார்கள். வேறு சூப்பர்வைசரைத்தான் போட வேண்டும். எனக்கும் வேறு மாத்திரை போட்டார்கள். அது வேலை செய்கிறது, கிருமி இப்போது அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்குள் ஈரல் சுருங்க ஆரம்பித்துவிட்டது. சுருங்கியது முழுசாக விரியாது என்கிறார்கள். கால் வீக்கமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், அந்த ஸ்கேனுக்கு முந்தின நாள் பயமும் அதில் வந்தவை.

நீ சொல்வாய் என்று தெரியும், உன்னுடையது புது மாத்திரை, அதற்குக் கிருமி பழகுவதில்லை என்று போனில் போட்டிருக்கிறது என்பாய். நானும் கேட்டேன். பழகுவது ரொம்பக் கம்மி என்றுதான் அந்த லேடி டாக்டரும் சொன்னார். சந்தோஷம். ஆனால் நீ அதைப் போட்டால்தானே? ரிப்போர்ட்டில் காணோம் என்றால் மாத்திரை அதை அமுக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பிடியை விட்டால் அது எழுந்து வரும், சிலருக்கு முன்னைவிட மூர்க்கமாக வந்து ஒரே அடியாக ஈரலைச் சாய்த்துவிடும் என்கிறார்கள். கண் மஞ்சளாவது கல்யாணத்துக்கு முந்தின வாரமாக இருந்தால் என்ன செய்வாய், அரிசி டிரம்முக்குப் பின்னால் கண்ணையும் ஒளித்துவைப்பாயா? நான் பத்தியத்துக்காக விட்டேன், நீ கௌரவத்துக்காக விடுகிறாய். ஈரலுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு ஒரு மாத்திரை போனபோது இன்னொன்று இருந்தது. உனக்கு இது போய்விட்டால் அடுத்து கையில் ஜாஸ்தி இல்லை.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. விஷயம் தெரிந்த பிறகு உன் அத்தை, அதுதான் என் நாத்தனார், தன் வீட்டு விசேஷத்தில் எல்லாருக்கும் வாழை இலை போட்டுவிட்டு எனக்கு மட்டும் பேப்பர் தட்டில் வைத்தாள். நான் சாப்பிட்ட இடத்தைப் பினாயில் விட்டுக் கழுவினாள். தட்டிலும் டம்ளரிலும் இது ஒட்டாது, ரத்தத்திலும் பிரசவத்திலும் புருஷன் பெண்டாட்டி உறவிலும்தான் வரும் என்று அவளுக்கு விளக்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறினேன். அந்தப் பினாயில் வாடை வந்தால் எனக்கு இன்னும் குமட்டும். அது உனக்கு நடக்கக்கூடாது என்று உன்னைவிட அதிகமாக நினைப்பவள் நான். ஆனால் அதற்குப் பயந்து ஒரு பெண்ணை ஒன்றும் தெரியாமல் உன் கட்டிலுக்குக் கூட்டிவருவது நியாயமில்லை. இதை அம்மா வாயால் கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும். எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. மாத்திரையும் போடாமல், அவளுக்கு ஊசியும் போடாமல் நீ குடும்பம் நடத்தினால், என் உடம்பில் இருந்து உன்னிடம் வந்தது உன்னிடமிருந்து அவளிடம் போகும். அவளிடமிருந்து உன் குழந்தைக்குப் போகலாம். எனக்குத் தெரியாமல் நடந்தது, உனக்குத் தெரிந்தே நடக்கும். அப்படி நடந்தால் அதற்கு நோய் என்று பேரில்லை கண்ணு.

நேற்று சாயங்காலம் சங்கீதா போன் செய்தது. நீ எப்போதும் சோர்ந்துபோய்ப் பேசுகிறாயாம், ஏதோ மனக்குறையா என்று என்னிடம் விசாரித்தது. நான் பேச்சை மாற்றி, சனிக்கிழமை எனக்கு வேலூரில் செக்கப் என்றேன். சர்க்கரைக்கா என்று கேட்டது. இன்னொரு தரம் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, ஈரல் என்று சொல்லிவிட்டேன். பிறகு, "சனிக்கிழமை எனக்கு ஸ்கூல் லீவுதான் அத்தை. நான் கூட வர்றேன். அந்தக் கூட்டத்துல தனியா போய் உக்காராதீங்க" என்றது. வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னேன், கேட்கவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது.

ஆகவே சனிக்கிழமை நானும் அதுவும் அந்த நீள பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவதெல்லாம் இதைப் பற்றித்தான். பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா, வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். சங்கீதா பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற பெண், அதற்குக் கூட்டிக் கழிக்கத் தெரியாதா? என் நோயின் பேரை அது கேட்டால் நான் சொல்லுவேன். உன்னுடையதை நான் சொல்லமாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் என்னிடமிருந்து கேட்டுத் தானே ஊகித்துக்கொண்டு அது உன்னைப் பார்க்கும் பார்வைக்கும், நீ முன்னாடியே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லி அது உன்னைப் பார்க்கும் பார்வைக்கும் வித்தியாசம் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் போய்ப் பேசு. போனில் வேண்டாம். "எனக்கு இது பிறப்பிலேயே வந்தது, தினம் மாத்திரை போட்டால் நல்லபடியாக இருக்கலாம், உனக்கு ஊசி இருக்கிறது, குழந்தைக்கும் ஊசி இருக்கிறது, இத்தனை நாள் பயத்தில் சொல்லவில்லை" என்று சொல். பயந்ததையும் சேர்த்துச் சொல். அதையும் ஒளித்தால் மற்றதும் பொய் மாதிரி கேட்கும்.

சரி என்று அது சொன்னால், ஊசி ஆறு மாசத்தில் மூன்று, தேதியைத் தள்ளி வைப்போம். மண்டபக்காரரிடம் அப்பா பேசிக்கொள்வார், உறவுக்காரர்கள் என்ன ஏது என்று கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொன்னால், அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லாதே. வேண்டாம் என்று சொல்ல அதற்கு உரிமை இருக்கிறது. அதன் அப்பா அம்மாவிடம் கெஞ்சப் போகாதே, எவனோடும் குடிக்கப் போகாதே, உன் ஈரலுக்கு அது ஆகாது. நேராக பஸ் ஏறி வீட்டுக்கு வா. நானும் அப்பாவும் இருப்போம், யாரும் உன்னை ஒன்றும் கேட்கமாட்டோம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் அழு. மாத்திரையைப் போட்டுவிட்டு அழு.

அம்மா